வேலி தாண்டி வந்த 'என்ன'

ஜீவராணிக்கு உட்காரத் தெரியாது. பதினெட்டு வருடம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்த உடம்பு அது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப் போகிற இருபது, இருபத்தைந்து குழந்தைகளில் ஒன்று தொட்டிலை விட்டு இறங்கும், ஒன்று ஏறும், ஒன்று நனைத்துக்கொண்டு கத்தும். நின்றபடி தேத்தண்ணி குடித்து, நின்றபடி பதிவேடு எழுதி, நின்றபடியே இரண்டு வாய் சோறு தின்று பழகிவிட்டாள். கோயில் பந்தியில்கூட முதல் ஆளாக எழும்பி இலை எடுக்கப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் ஐந்து மாதம், வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் அந்த இடத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். இருந்தது. இரண்டு கோடு வைபை.

இடம், அவள் வீட்டின் பின்புறம் விறகு அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டில். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேற்பிரிவில் பள்ளத்துக்குள் கிடக்கிற லயம் அது, தொழிலாளர்களுக்கு ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். முன்னால் மலை, பின்னால் மலை. கையில் போன் இருந்தாலும் சிக்னல் பிடிக்காது. லயத்தின் கடைசி வீடு ஜீவராணியுடையது. அதற்கு அடுத்து வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை பெரியதம்பி கட்டிய தனி வீடு. அந்த வீட்டுக்காரர்கள் கூரையில் அன்டெனா பூட்டி, ஜன்னலோரம் ரவுட்டர் பெட்டி வைத்து, இன்டர்நெட் எடுத்திருந்தார்கள். அதிலிருந்து கசிந்ததுதான் அந்த இரண்டு கோடு. கொட்டிலில் கிழக்குப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் வரும். எழும்பினால் போய்விடும்.

அதை வைத்துத்தான் ஜீவராணி பராமரிப்புப் பயிற்சியின் பாடங்களைப் படித்தாள். சனி ஞாயிறு ஹட்டனில் செய்முறை, வார நாட்களில் போனில் வகுப்பு. நாற்பத்திரண்டு வயதில் ஏன் இதெல்லாம் என்று லயத்தில் கேட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்தாயிற்று, இனிக் கிழவர்களைப் பார்க்கலாம் என்று பதில் சொன்னாள். இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கிழவர்களின் எடை மட்டும்தான் கூட என்றாள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, தொண்டையில் சிக்காமல் கஞ்சி ஊட்டுவது, நாடி பார்ப்பது எல்லாம் அவளுக்குக் கையோடு வந்தன. பரீட்சையும் பாஸ். சைப்ரஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்தாள். கொழும்பு முகவர் நிலையம் போனிலேயே நேர்முகம் வைத்தது. நாள் புதன்கிழமை, நேரம் பகல் இரண்டு மணி. கூடவே பொலிஸ் அறிக்கை வேண்டும். இந்த ஆள் மீது குற்றம் குறை எதுவும் இல்லை என்று பொலிஸார் தரும் தாள். அதற்கும் எழுதிப் போட்டு ஒன்பது நாளாகியிருந்தது.

இனி அந்த வைபையின் பெயர். அதைச் சொல்லாமல் கதை நகராது.

வகுப்பு தொடங்கிய முதல் நாள் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். விறகுக் கொட்டிலுக்கு வந்ததும் திரையில் ஒரு பெயர் தெரிந்தது. ஆங்கில எழுத்தில் 'என்ன'. பக்கத்தில் பூட்டுப் படம் இல்லை.

ஜீவராணி கினிகத்தேனையில் பிறந்தவள். அப்பா அங்கே பேக்கரியில் வேலை. சிங்களப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடி வளர்ந்தாள். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'. கடை வாசலில் நின்று வழிப்போக்கர்களை 'என்ன, என்ன' என்று கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்த காது.

"பாரு, வாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க," என்றாள் மகளிடம்.

நிலக்ஷிக்குப் பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறாள். அவள் எட்டிப் பார்த்தாள். "அது சிங்கள என்ன இல்லம்மா. தமிழ் என்ன. ஜனகன் சேர் பகிடிக்கு வச்சிருக்காரு. என்ன வேணும், என்ன பாக்குற, அந்த என்ன."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அவரு பள்ளிக்கூடத்துல பேசுறதே அப்படித்தான்."

ஜனகன், பெரியதம்பியின் மருமகன். கீழே உள்ள பாடசாலையில் கணித ஆசிரியர். மனைவி கண்டி ஆஸ்பத்திரியில் தாதி, வார இறுதியில்தான் வருவாள். பெட்டியை வாங்கிப் பூட்டியதும் பெயர் வைத்ததும் அவன்தான்.

"வகுப்பு தொடங்குது. பேசாம இரு," என்றாள் ஜீவராணி. பெயர் மேல் விரலை வைத்தாள். பெட்டி எதுவும் கேட்காமல் அவளை உள்ளே விட்டது.

பக்கத்து வீடுதானே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். கேட்க முடியாததற்குக் காரணம் ஒரு பூசணிக்காய்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜீவராணி போட்ட பூசணிக்கொடி வேலியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, அங்கே ஒரு காய் காய்த்தது. பெரியதம்பியின் மனைவி மீனம்மா அதை அறுத்துக் கறி வைத்துவிட்டாள். மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், ஐந்தாறு பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, ஜீவராணி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வேலி தாண்டி வந்திச்சுன்னா அது அவங்களோடதா? அடுத்த வீட்டுக் காய கேக்காம அறுக்கிறதுக்குப் பேரு களவுதான்." மீனம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

இப்போது வேலி தாண்டி வந்தது வைபை.

"இது பீலித் தண்ணி மாதிரி," என்று மகளுக்குச் சொன்னாள் ஜீவராணி. "அவங்க கொடம் நெறஞ்சு வழியுது. நாம புடிச்சா அவங்களுக்கு என்னா கொறயப் போகுது?"

"கீழ் லயத்து ஆளுங்க போஸ்ட்டுல கொக்கி போட்டுக் கரண்டு எடுத்தாங்களே, அவங்களும் அதத்தான் சொன்னாங்க. கோர்ட்டுக்குப் போனாங்க."

"அது கொக்கி. நான் கொக்கி போட்டனா?"

"அப்ப பூசணிக்கா?"

ஜீவராணி அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை பின்னேரம், பொலிஸ் வந்தது.

ஜீப்பைக் கீழே ரோட்டில் நிறுத்திவிட்டு இரண்டு பேர் படியேறினார்கள். ஜீவராணி கொட்டிலில் விறகு எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பெரியதம்பியின் வாசலில் நின்று சிங்களத்தில் பேசினார்கள். பெரியதம்பிக்கு எழுபத்து நான்கு வயது. அவருடைய சிங்களம் கடைத்தெருச் சிங்களம். சட்டம் பேசினால் பாதி விளங்காது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஜீவராணிக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிறு, பின்னேரம் நான்கு மணி. யாரோ ஒருவன் பேஸ்புக்கில் பொய்ப் பெயரில் கணக்குத் திறந்து, கீழ்ப் பாடசாலையின் நடன ஆசிரியையைப் பற்றி வாயில் சொல்ல முடியாத விஷயங்களை எழுதியிருக்கிறான். ஆசிரியை முறைப்பாடு செய்திருக்கிறார். தேடிப் பார்த்ததில் எழுதப்பட்டது இந்த வீட்டுப் பெட்டியின் வழியாக. சிம் பெரியதம்பியின் பெயரில்.

"இதைப் பாவிக்கிறது யார் யார்?"

மீனம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தோடு முன்னால் வந்தாள். "நாங்க மூணு பேருதான் சேர். மக அந்த ஞாயிறு கண்டியில, வரல. வேற ஒருத்தரும் இல்ல."

மூன்று பேரில் கிழவருக்கு எழுத்துத் தட்டத் தெரியாது. மீனம்மாவுக்குத் தேவையில்லை. மிச்சம் ஜனகன். அதே பாடசாலையில் ஆசிரியர். பொலிஸ்காரர் அதைக் குறித்துக்கொண்டார். புதன்கிழமை பத்து மணிக்குப் பெட்டியோடு மூன்று பேரும் நிலையத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஜீவராணி போனை அணைத்தாள். அணைத்ததால் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. திரும்பப் போட்டாள். கூட்டிய வீட்டை மறுபடி கூட்டினாள். விறகைக் கொட்டிலின் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கத்துக்கு மாற்றி அடுக்கினாள். அடுக்கி முடித்ததும், உட்கார்ந்திருந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. திரும்பவும் பழைய இடத்துக்கே மாற்றினாள்.

நிலக்ஷி பாடசாலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்தாள். "மூணாம் ஞாயித்துக்கெழம நீ எங்க இருந்த?"

"ஒங்களோட ஹட்டன்ல. சப்பாத்து வாங்கினோம். கால் கடிக்குதுன்னு நான் அழுதேன், நீங்க கடைக்காரன்கிட்ட சண்ட போட்டீங்க."

அது சரி. அந்த நாளில் அவர்கள் இருவருமே ஊரில் இல்லை. எழுதியது அவர்கள் இல்லை. ஆனால் எழுதாவிட்டாலும் எடுத்தது எடுத்ததுதானே. அந்தப் பெட்டிக்குள் யார் யார் வந்து போனார்கள் என்று இருக்குமா? இருந்தால் அதில் அவள் பெயர் இருக்கும். ஒன்பது நாளாக எங்கோ ஒரு மேசையில் கிடக்கிற பொலிஸ் அறிக்கை. அதில் ஒரு வரி விழுந்தால் சைப்ரஸும் இல்லை, படித்த படிப்பும் இல்லை.

கணவன் சுதாகரனுக்கு எடுத்துச் சொல்லலாம். அவன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான், மாதம் ஒருமுறை வருவான். சொன்னால் அவனும் தூங்க மாட்டான். ஒரு வீட்டில் ஒரு ஆள் தூங்காமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் ஹட்டன் போனாள். பஸார் தெருவில் புடவைக் கடைக்கு மேல் மாடியில் கேஷிகா என்ற சட்டத்தரணியின் அறை. கடை அவளுடைய அப்பாவுடையது. முப்பது வயதுப் பெண், வேகமாகப் பேசுவாள். ஜீவராணி முழுக்கதையையும் பூசணிக்காய் உட்பட நின்றுகொண்டே சொன்னாள்.

"உக்காருங்கக்கா."

"பரவால்ல மிஸ்."

"நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்குத் தலசுத்துது. உக்காருங்க."

நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் ஒண்ணுதான் சொல்லுவாங்க," என்றாள் கேஷிகா. "பூட்டு இல்ல, அதனால எடுத்தேன்னு. கணினிக் குற்றத்துக்குன்னு நம்ம நாட்டுல சட்டம் இருக்கு. அது பூட்டப் பத்திக் கேக்கல. ஒங்களுக்கு அதுக்குள்ள போக அதிகாரம் இல்லன்னு தெரியுமா, தெரிஞ்சிருக்க நியாயம் இருக்கா, அதத்தான் கேக்குது. ஒருத்தர் வீட்டுக் கதவு தொறந்து கெடந்தா உள்ள போயிருவீங்களா?"

"போக மாட்டேன். ஆனா கதவுல வாங்கன்னு எழுதியிருந்தா?"

"எங்க எழுதியிருந்திச்சு?"

ஜீவராணி பெயரைச் சொன்னாள். கேஷிகா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்: "எந்தப் பாஷையில வாசிச்சீங்க?"

அந்தக் கேள்வி ஜீவராணிக்குப் பிடிக்கவில்லை. எழும்பி ஜன்னலுக்குப் போனாள். கீழே கொழும்பு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"சிங்களத்துல," என்றாள்.

"அப்ப ஒங்க பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. யாரோ கூப்பிட்டாங்கன்னு நெனச்சுப் போனீங்க. ஒங்க மேல வழக்குப் போடுவாங்கன்னு நான் நெனைக்கல. ஆனா நான் சொல்றது கல்லுல எழுதினது இல்ல. அந்த வீட்டுக்காரங்க முறைப்பாடு குடுத்தா பொலிஸ் விசாரிக்கத்தான் செய்யும். விசாரணை நடக்கிற நேரம் அறிக்கைக்கு நல்லது இல்ல."

"நான் சும்மா இருந்தா?"

"ஒங்கள ஒருத்தரும் கூப்பிடல. போகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா சில பெட்டி உள்ள வந்த போன் பேரு எல்லாம் வச்சிருக்கும். அவங்களா கண்டுபுடிச்சா நீங்க சந்தேக ஆள். நீங்களா போனா சாட்சி." கேஷிகா எழும்பினாள். "இன்னொண்ணு. இனிமே அந்த வீட்டு வைபைய தொடாதீங்க. நேத்து வரைக்கும் தெரியாதுன்னு சொல்லலாம். இண்ணையிலருந்து சொல்ல முடியாது."

அக்கரப்பத்தனை பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஜீவராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தேக ஆள், சாட்சி. இரண்டு சொல்லையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள். பஸ் ஒவ்வொரு முறை வளையும்போதும் ஒன்று மேலே வந்தது. தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பொடியன்கள் சுவரில் சாய்ந்துகொண்டு போன் பார்த்தார்கள். பஸ் போன பிறகும் நகரவில்லை. ஜீவராணி நான்கு எட்டு நடந்தாள், நின்றாள். இந்தத் தரிப்பிடத்தில் சிக்னல் கிடையாது. நிமிர்ந்து பார்த்தாள். நேர் மேலே மண்மேட்டின் விளிம்பில் பெரியதம்பியின் ஜன்னல்.

தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக வேலிப் படலைக்குப் போனாள். மீனம்மா வாசலில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"என்ன?"

தமிழ் என்னதான். சந்தேகமே இல்லை.

"அக்கா, ஒங்க வைபைய அஞ்சு மாசமா நான் எடுத்துக்கிட்டு இருந்தேன். படிப்புக்கு. அந்த எழுத்து நான் எழுதல. ஆனா பெட்டியில பூட்டு இல்ல. ரோட்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் போகுது. நாளைக்கு நான் ஒங்களோட வந்து சொல்றேன்."

மீனம்மா கத்தியை வைத்தாள். உள்ளேயிருந்து ஜனகன் வந்தான். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"பூட்டு இல்லையா?" என்றாள் மீனம்மா மருமகனைப் பார்த்து.

"போடணும்னுதான் இருந்தேன் மாமி," என்றான்.

மீனம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்லக்கா."

"கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் கேக்கல."

"பூசணிக்காய்க்கு என்ன பேச்சுப் பேசுன. ஊரு சனம் முன்னுக்கு."

"பேசுனேன்."

"வாடி நாளைக்கு. எல்லாத்தையும் அங்க வந்து சொல்லு," என்றாள் மீனம்மா. அது அழைப்பா மிரட்டலா என்று ஜீவராணிக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், தனித்தனி இருக்கையில். நிலையத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்றைக்கு வேறு வேலையாகப் போயிருந்தார். சப் இன்ஸ்பெக்டர் பொறுமையான ஆள், ஆனால் தமிழ் தெரியாது. "சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார். மற்ற மூவரும் ஜீவராணியைப் பார்த்தார்கள். அப்படித்தான் தன் விஷயத்துக்குத் தானே மொழிபெயர்ப்பாளராக நின்றாள்.

முதலில் பெரியதம்பியின் வாக்குமூலம். அவருடைய பாதம் இரண்டும் வீங்கியிருந்ததை ஜீவராணி கண்டாள். சேரிடம் கேட்டு ஒரு ஸ்டூல் வாங்கி அவர் காலைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினாள். அடுத்தது மீனம்மா.

"அஞ்சு மாசமா எங்க வைபைய இவ களவா எடுத்தா. கேக்காம. சொல்லு."

மாற்றிச் சொல்லலாம். சேருக்குத் தெரியாது. பாவித்தாள் என்று சொன்னால் போதும், களவு என்ற சொல்லை விட்டுவிடலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பதினெட்டு வருடத்தில் பிள்ளைக்கு இல்லாத காய்ச்சலை அவள் பதிவேட்டில் எழுதியதில்லை, இருந்த காய்ச்சலை எழுதாமல் விட்டதும் இல்லை. கை ஒரு மாதிரியாகப் பழகிவிட்டால் பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.

"ஐந்து மாதமாக நான் இவர்களுடைய வைபையைக் கேட்காமல் களவாக எடுத்தேன் என்று சொல்கிறார்," என்றாள் சிங்களத்தில்.

சப் இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உனக்கு எதிராக நீயே மொழிபெயர்க்கிறாயா?"

"வேறு ஆள் இல்லையே சேர்."

அவர் பெட்டியைச் செருகச் சொன்னார். தன் போனை எடுத்துத் தேடினார். கண்டதும் மேசையில் கையைத் தட்டினார். "என்ன கியலா தியனவானே," என்றார். வாங்க என்றுதானே எழுதியிருக்கிறது என்று அர்த்தம். ஜனகனைப் பார்த்து, "ரோட்டில் போகிறவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு யார் வந்தது என்று என்னிடம் கேட்கிறீர்களா?"

ஜனகன் அது தமிழ் என்ன என்று விளக்கப் பார்த்தான். அதையும் ஜீவராணிதான் மொழிபெயர்த்தாள். சப் இன்ஸ்பெக்டர் நெடுநேரம் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

"நீ எப்படி வாசித்தாய்?"

கேஷிகாவிடம் சொன்ன பதில் தயாராக இருந்தது. சிங்களத்தில் என்று ஒரு சொல். சொன்னால் முடிந்தது. ஆனால் இது கையொப்பம் போடும் தாள். ஒரு பொய்யைச் சொன்னால் அதைக் கடைசிவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அவளுக்கு ஏற்கெனவே ஞாபகம் வைக்க நிறைய இருந்தது.

"முதல் நாள் வாங்க என்று வாசித்தேன் சேர். மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள், அது தமிழ் என்று. அதற்குப் பிறகு நான் பெயரை வாசிக்கவில்லை. விரலை மட்டும் வைத்தேன்."

அதையும் எழுதினார். பஸ் தரிப்பிடத்தையும், பஸ் போன பிறகும் நகராமல் நிற்கிற ஆட்களையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நான்கு பக்கம் ஆயிற்று. மணி ஒன்றரை.

"இவள் எடுத்ததைப் பற்றி வீட்டுக்காரருக்கு முறைப்பாடு இருக்கிறதா? கேள்."

ஜீவராணி கேட்டாள். தன் மேல் வழக்கு வேண்டுமா என்று தன் வாயாலேயே கேட்டாள். பெரியதம்பி மனைவியைப் பார்த்தார். மீனம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். ஜீவராணி நின்ற இடத்தில் கால் மாற்றி நின்றாள்.

"முறைப்பாடு இல்லன்னு சொல்லு," என்றாள் மீனம்மா. "அவ மேல எனக்கிருக்கிறது பூசணிக்கா விசயம். அது பொலிஸுக்கு வேண்டாம். அது பீலியடியில."

"அதையும் மொழிபெயர்க்கணுமாக்கா?"

"மொத வரிய மட்டும் சொல்லு."

சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் அவளுடைய பெயருக்கு மேல் 'சாட்சி' என்று எழுதினார். பெட்டியைச் சோதனைக்கு வைத்துக்கொண்டார்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்தாள். நிலையத்து வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் யாரும் இல்லை. ரோட்டோரம் என்பதால் சொந்த சிம்மிலேயே நாலு கோடு. தலையைச் சீவிக்கொள்ளக்கூட நேரமில்லை. போன் அடித்தது. திரையில் முகவர் நிலையத்து மேடம். சிங்களத்தில் பேசினார்.

"பின்னால் என்ன நீலமாக? எங்கே இருக்கிறீர்கள்?"

"பொலிஸ் நிலையத்தில், மேடம். சாட்சி சொல்ல வந்தேன்."

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கேள்விகள். வயது, குடும்பம், எத்தனை கிலோ தூக்க முடியும். கடைசியாக ஒன்று: "ஒரு முதியவர் ஓரிடத்தில் உட்காராமல் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறார். என்ன செய்வீர்கள்?"

புத்தகத்தில் பதில் இருந்தது. அது நினைவுக்கு வரவில்லை. "உட்கார வைக்க மாட்டேன்," என்றாள். "கூடவே நடப்பேன். எதைத் தேடுகிறார் என்று பார்ப்பேன்."

பேசி முடித்த பிறகுதான் கவனித்தாள். நேர்முகம் நடந்த இருபது நிமிடமும் வாங்கிலிருந்து எழும்பி நிலையத்து முற்றத்தில் நடந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

பொலிஸ் அறிக்கை வருவதற்கு இன்னும் இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அந்த இருபத்திரண்டு நாளில் ஜீவராணி விறகை எத்தனை முறை மாற்றி அடுக்கினாள் என்பது நிலக்ஷிக்குத்தான் தெரியும். தபால்காரர் தந்த உறையைப் பிள்ளைக் காம்பராவில் நின்றபடி பிரித்தாள். ஒரு குழந்தை இடுப்பில். தாளில் குற்றம் குறை எதுவும் இல்லை. இரண்டு முறை வாசித்தாள், இந்த முறை பெயரையும் சேர்த்து. குழந்தையின் கைக்கு எட்டாதபடி அலுமாரிக்கு மேல் வைத்தாள். எழுதியவனையும் பிறகு கண்டுபிடித்தார்கள். வேறு பிரிவு ஆள், பஸ் தரிப்பிடத்தில் நின்றவன். அது இந்தக் கதையில் சேர்த்தி இல்லை.

சைப்ரஸுக்கு ஒக்டோபரில் வரச் சொன்னார்கள். போவதற்கு முன் முகவர் நிலையம் போனில் இன்னும் எட்டு வகுப்பு வைத்தது. அதற்குள் பெட்டி வீடு திரும்பியிருந்தது. ஜீவராணி படலையில் போய் நின்றாள்.

"என்ன?" என்றாள் மீனம்மா.

"எட்டு வகுப்பு இருக்குக்கா. வைபை வேணும்."

"கேக்கத் தெரிஞ்சிருச்சா? கொண்டா போன." மீனம்மா போனை வாங்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, யாரும் பார்க்காதபடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். "ஒனக்கு மட்டும். லயத்துக்கே சொல்லிறாத. அடுத்த வெள்ளாமைக்குப் பூசணி போட்டா காய் இந்தப் பக்கம் வரணும்."

"கொடி எங்க போகும்னு நான் சொல்ல முடியுமாக்கா?"

"இழுத்து விடு."

போன் திரும்பி வந்தது. பூட்டுப் படம் இருந்தது. ஜனகன் பெயரையும் மாற்றியிருந்தான். இந்த முறை யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று யோசித்து ஆங்கில எழுத்தில் வைத்த பெயர்: 'கேட்டு வாங்க'.

நிலக்ஷி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "கெட்டு வாங்கன்னும் வாசிக்கலாம்மா."

ஜீவராணியும் வாசித்தாள். சிங்களத்தில் 'கெட்டு' என்றால் ஒல்லி. ஒல்லியானவர்கள் வாங்க என்றும் வாசிக்கலாம் போலிருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நின்றுகொண்டாள்.